இலவச ரேஸிங் சிமுலேட்டர் பீட்டா: கீ கிடைத்த நாளிலிருந்து முதல் பிழை அறிக்கை வரை

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு ஸ்டீயரிங் வீல் எப்போதும் மேசையில் மாட்டியே இருக்கும். காட்பாடிப் பக்கத்துக் கல்லூரிப் பையன்கள், சொந்தக்காரப் பிள்ளைகள் என்று பலர் அதில் உட்கார்ந்து பீட்டா நிலையில் இருக்கும் சிமுலேட்டர்களை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கேம் இறங்கியதும் நேராக ஆன்லைன் ரேஸுக்குப் போவார்கள், முதல் வளைவிலேயே கார் சுழலும், அது வீலின் கோளாறா, கம்ப்யூட்டரா, நெட்டா, கேமின் பிழையா, தன் கால் செய்த தப்பா என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

பீட்டா என்றால் வேலை முடியாத கேம், பிழை இருக்கத்தான் செய்யும். நம் பக்கத்துக் கோளாறுகளை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு வந்தால்தான் மிச்சம் இருப்பது கேமின் பிழை என்று தைரியமாகச் சொல்லலாம். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான் இப்படி இருக்கிறது. தயவுசெய்து மாற்றாதீர்கள்.

1. கீ வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டியவை

மூடிய பீட்டாவாக இருந்தால் பதிவு செய்தவர்களில் சிலருக்கு மட்டும் கீ, அதாவது கேமைத் திறக்கும் குறியீடு, அனுப்புவார்கள், திறந்த பீட்டாவாக இருந்தால் யார் வேண்டுமானாலும் இறக்கலாம். எதுவானாலும் நாள் கணக்கு குறைவாக இருக்கும். கீ வந்த பிறகு கிராபிக்ஸ் டிரைவர் தேடிக்கொண்டிருந்தால் அந்த வாரம் அதிலேயே போய்விடும்.

விண்டோஸ் அப்டேட், கிராபிக்ஸ் டிரைவர், வீல் கம்பெனி கொடுக்கும் மென்பொருள், வீலின் ஃபர்ம்வேர் (வீலுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) நான்கையும் முன்கூட்டியே முடித்துவிடுங்கள். முடித்த பிறகு பீட்டா ஓடும்வரை தொடவே கூடாது. நடுவில் டிரைவர் மாறினால், நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் ஆகிவிடும்.

எஸ்எஸ்டி டிஸ்கில் இடம் வேண்டும். கேம் 40 ஜிபி என்று போட்டிருந்தால் 80 ஜிபி காலியாக வைத்துக்கொள்ளுங்கள். பேட்ச் (கேமைத் திருத்தும் அப்டேட்) வரும்போது பழைய கோப்பும் புதிய கோப்பும் சற்று நேரம் சேர்ந்தே உட்கார்ந்திருக்கும்.

ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். ஏன் என்று 9-ஆம் படியில் தெரியும்.

வீல் இல்லாதவர்கள் கேம்பேட் வைத்து ஓட்டலாம், அதில் ஒன்றும் குறைவில்லை. கீபோர்டு மட்டும் வேண்டாம். ஸ்டீயரிங் முழுசாக இடது, முழுசாக வலது என்ற இரண்டே நிலை இருந்தால் சிமுலேட்டரில் டயர் பிடிமானம் என்ற விஷயமே புரியாது.

2. கணக்கும் ஒப்புதல் பக்கமும்

கணக்கு தொடங்கும்போது "ஏற்கிறேன்" என்று அழுத்தும் பக்கத்தை ஒரு முறை படியுங்கள். மூன்று விஷயம் மட்டும் பார்த்தால் போதும்: வீடியோவும் ஸ்கிரீன்ஷாட்டும் வெளியே போடலாமா, பீட்டா முடிந்ததும் நம் முன்னேற்றம் அழிக்கப்படுமா, பீட்டாவில் வாங்கிய பொருள் முழு வெளியீட்டுக்கு வருமா. மூடிய பீட்டா பலவற்றில் வெளியே காட்டக்கூடாது என்ற ஒப்பந்தம் இருக்கும். அது தெரியாமல் ஸ்டேட்டஸில் வீடியோ போட்டால் கணக்கையே முடக்கிவிடலாம்.

கீயை நண்பனோடு பகிராதீர்கள். ஒரு கீ ஒரு கணக்கோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிரிக்க முடியாது.

3. டவுன்லோடும் முதல் முறை திறப்பதும்

40 ஜிபி என்பது 40 எம்பிபிஎஸ் இணைப்பில் குறைந்தது இரண்டே கால் மணி நேரம். மாத டேட்டா வரம்பு தாண்டினால் வேகத்தைக் குறைக்கும் பிளான் உங்களுடையது என்றால், இறக்குவதற்கு முன் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். பீட்டாவில் பேட்ச் அடிக்கடி வரும், சில பேட்ச் பல ஜிபி இருக்கும்.

இறங்கியதும் ஸ்டீமோ எபிக்கோ, எந்த கேம் கடையில் இறக்கினீர்களோ அதில் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி இருக்கும், அதை ஒரு முறை ஓட்டுங்கள். டவுன்லோடு நடக்கும்போது கரண்ட் போய் வந்திருந்தால் இது கட்டாயம். ஒரு கோப்பு உடைந்திருந்தாலும் ஏதாவது ஒரு ட்ராக்கில் மட்டும் கேம் விழும், நீங்கள் அதைக் கேமின் பிழை என்று எழுதி அனுப்புவீர்கள்.

முதல் முறை திறக்கும்போது ஷேடர் (திரையில் படத்தை வரையும் சின்ன நிரல்கள்) தயாராகிறது என்று நீண்ட நேரம் காட்டலாம். நடுவில் மூடாதீர்கள். அது முடியாமல் ஓட்டினால் புதிய வளைவு வரும்போதெல்லாம் திரை ஒரு கணம் திக்கும்.

செட்டிங் சேமித்தும் மறுநாள் பழையபடியே நிற்கிறதா? விண்டோஸ் பாதுகாப்பில் கோப்புறை காக்கும் வசதி ஆன் ஆகி, கேம் டாக்குமென்ட்ஸில் எழுதுவதைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். டாக்குமென்ட்ஸ் கோப்புறை ஒன்டிரைவோடு ஒத்திசைவில் இருந்தாலும் இதே தொல்லை வரும். நான் பார்த்த பையன்களில் நிறைய பேர் இதைக் கேமின் பிழை என்றே நம்பியிருந்தார்கள்.

4. வெயில், கரண்ட்

இந்தப் படி வேறு ஊர்க்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இருக்காது, வேலூரில் இதைத் தாண்டிப் போக முடியாது. சித்திரை, வைகாசியில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது மாடி அறையில் லேப்டாப் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். முதல் பத்து நிமிடம் அருமையாக ஓடி, பதினொன்றாவது நிமிடம் ஃப்ரேம் (நொடிக்குத் திரை காட்டும் படங்களின் எண்ணிக்கை) பாதியாகிவிட்டால் சந்தேகம் முதலில் சூட்டின் மேல்தான் இருக்க வேண்டும்.

லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு புத்தகம் வைத்து உயர்த்துங்கள், டேபிள் ஃபேனைப் பக்கவாட்டில் வையுங்கள், வெப்பநிலை காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சோதனை ஓட்டத்தை விடிகாலையிலோ இரவு ஒன்பதுக்கு மேலோ வைத்தால் அளவு நம்பும்படி இருக்கும்.

டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் வேண்டும், அதைவிட முக்கியம் மோடத்தையும் ரவுட்டரையும் யுபிஎஸ்ஸில் சேர்ப்பது. கம்ப்யூட்டர் அணையாமல் நெட் மட்டும் அறுந்தாலும் ஆன்லைன் ரேஸில் அது பாதியில் ஓடிப்போனதாகத்தான் பதிவாகும். மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளை முன்கூட்டியே அறிவிக்கும், அந்த நாளை நோட்டில் குறித்துவிடுங்கள்.

5. வீலும் பெடலும்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். அரை நாள் போனாலும் பரவாயில்லை.

முதலில் உட்காரும் இடம். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தால் நாற்காலி பின்னால் போகும், டைல்ஸ் தரையில் பெடல் முன்னால் போகும், பிரேக் பாதிதான் விழும். சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி போடுங்கள், பெடலைச் சுவரோடு முட்டுக்கொடுத்து அடியில் பழைய ரப்பர் பாய் விரியுங்கள். காசு செலவில்லாமல் லேப் (ட்ராக்கில் ஒரு முழுச் சுற்று) நேரம் குறையும் ஒரே வழி எனக்குத் தெரிந்து இதுதான்.

அப்புறம் கேமைத் திறக்காமலேயே விண்டோஸின் கேம் கண்ட்ரோலர் பக்கத்தில் வீல் சரியாகத் தெரிகிறதா பாருங்கள். வீலைத் திருப்பினால் குறி நகர வேண்டும், மூன்று பெடலும் தனித்தனியாக அசைய வேண்டும். இங்கே தெரியாதது கேமிலும் தெரியாது.

அடுத்தது சுழற்சிக் கோணம். லாஜிடெக் ஜி29, ஜி923 போன்றவை 900 டிகிரி சுழலும், த்ரஸ்ட்மாஸ்டர் டி300 1080 டிகிரி. வீல் மென்பொருளில் முழுக் கோணத்தை வைத்துவிட்டு, கேம் உள்ளே அதே எண்ணைக் கொடுங்கள். இரண்டு இடத்தில் இரண்டு எண் இருந்தால் திரையில் தெரியும் கை 90 டிகிரி திரும்பும்போது உங்கள் கை வேறு எங்கோ இருக்கும். வீல் மென்பொருளில் நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள், அது கேம் அனுப்பும் உணர்வோடு சண்டை போடும்.

பிரேக் பெடல் அடுத்தது. ஜி29 பிரேக்கின் உள்ளே ரப்பர் கட்டை இருக்கும், கடைசிப் பகுதி கல் மாதிரி இருக்கும். புதியவர்கள் முழுசாக மிதித்ததாக நினைப்பார்கள், கேம் 80 சதவீதம்தான் காட்டும். உங்கள் கால் வலியில்லாமல் திரும்பத் திரும்ப மிதிக்கக்கூடிய அழுத்தம் எதுவோ அதுதான் 100 சதவீதம் என்று கேமின் கேலிப்ரேஷன் (அளவு சரிசெய்யும்) பக்கத்தில் பதிவு செய்யுங்கள்.

கடைசியாக ஃபோர்ஸ் ஃபீட்பேக், அதாவது டயர் படும் பாட்டை வீலின் மோட்டார் நம் கைக்கு உணர்த்தும் விசை. எல்லோரும் 100-இல் ஏற்றிவிடுவார்கள், நிஜக் கார் மாதிரி கனமாக இருக்கும் என்று. சின்ன மோட்டாரால் அவ்வளவு பலம் கொடுக்க முடியாது. அதன் உச்சத்தைத் தொட்டதும் அதற்கு மேல் வரும் விவரம் எல்லாம் வெட்டுப்பட்டுவிடும், இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். வேகமான வளைவில் வீல் கனமாக இருக்கும், ஆனால் டயர் நழுவத் தொடங்கியது கைக்குத் தெரியாது. 60-இல் தொடங்குங்கள். திரையில் ஃபோர்ஸ் அளவு காட்டும் பட்டை இருந்தால் வேகமான வளைவில் அது உச்சியில் ஒட்டிக்கொண்டே நிற்காத அளவுக்கு வையுங்கள்.

இவ்வளவு செய்தும் வீல் வித்தியாசமாக நடந்துகொண்டால் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு சிமுலேட்டரில் சோதியுங்கள். லைவ் ஃபார் ஸ்பீட் டெமோ பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், பிளாக்வுட் ட்ராக்கும் சில கார்களும் காசில்லாமல் வரும். அங்கே வீல் நன்றாக இருந்து பீட்டாவில் மட்டும் கெட்டால், கேமின் பிழை என்று எழுத உங்களுக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது.

6. திரையும் ஃப்ரேமும்

மணிக்கு 200 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 55 மீட்டருக்கு மேல். 60 ஃப்ரேமில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் கார் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும், 30 ஃப்ரேமில் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர். பிரேக் போடும் இடத்தை எப்படிச் சரியாகப் பிடிக்க முடியும்? அழகைக் குறைத்துவிட்டு ஃப்ரேமை நிலையாக வையுங்கள். முதலில் நிழல், அப்புறம் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தின் தரம், அப்புறம் திரையில் காட்டும் மற்ற கார்களின் எண்ணிக்கை, இந்த வரிசையில் குறைத்தால் ஓட்டுவதற்குத் தேவையானது எதுவும் போகாது. வி-சின்க்கை (ஃப்ரேமை மானிட்டரின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள், கை திரும்பிய பிறகு திரை திரும்பத் தாமதம் ஆவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

பார்வைக் கோணம் சரியில்லாவிட்டால் வேகமும் தூரமும் பொய்யாகத் தெரியும். 24 அங்குல மானிட்டரை 60 செ.மீ. தூரத்தில் வைத்தால் சரியான கோணம் கிடைமட்டத்தில் சுமார் 48 டிகிரி, செங்குத்தில் சுமார் 28. கேம் எதைக் கேட்கிறது என்று பார்த்துக் கொடுங்கள், 48-ஐச் செங்குத்துக் கட்டத்தில் போட்டுவிட்டுத் தலை சுற்றுகிறது என்றவர்கள் உண்டு. முதல் நாள் குழாய் வழியாகப் பார்ப்பது போல இருக்கும். இரண்டு நாளில் பழகிவிடும், மானிட்டரைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்தால் கோணத்தையும் கூட்டிக்கொள்ளலாம்.

7. முதல் முப்பது லேப் தனியாக

ஒரே கார், ஒரே ட்ராக், வேறு கார் எதுவும் இல்லை. கார் தேர்வில் பலம் குறைந்ததை எடுங்கள். ட்ராக் தேர்வில் சின்னதை எடுங்கள், இதற்குக் காரணம் உண்டு. சென்னைக்குப் போகும் வழியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ட்ராக் 3.7 கிலோமீட்டர், அந்த அளவுள்ள ட்ராக்கில் ஒரு வளைவில் செய்த தப்பைத் திருத்த இரண்டு நிமிடத்தில் அதே வளைவு திரும்ப வந்துவிடும். ஜெர்மனியின் நார்ட்ஷ்லைஃப 20.8 கிலோமீட்டர், அங்கே புதியவருக்குப் பத்து நிமிடம் காத்திருந்தால்தான் அதே வளைவு. எல்லோரும் அதைத்தான் முதலில் திறக்கிறார்கள்.

முதல் பத்து லேப்பில் ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் காப்பது), டிராக்ஷன் கண்ட்ரோல் (வேகம் கூட்டும்போது சக்கரம் வீணாகச் சுழலாமல் காப்பது) ஆன் செய்து, பாதை காட்டும் கோட்டையும் வைத்துக்கொண்டு ட்ராக்கை மனப்பாடம் செய்யுங்கள். நேரத்தைப் பார்க்காதீர்கள்.

அடுத்த பத்தில் கோட்டை அணைத்துவிட்டு பிரேக் போடும் இடத்துக்கு உங்கள் அடையாளத்தைக் கண்டுபிடியுங்கள். ஓரத்தில் 150, 100, 50 என்று பலகை இருக்கும், இல்லாவிட்டால் ஒரு மரம், ஒரு விளம்பரத் தட்டி. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டி இறங்கியவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும்: வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைப்போம், வளைவுக்குள் பிரேக்கை அமுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். டயருக்கு இருக்கும் பிடிமானம் ஒரே ஒரு பங்கு, அதை நிற்பதற்கும் திரும்புவதற்கும் பிரித்துக்கொடுக்க வேண்டும். ஆகவே முதலில் பலமாக மிதித்து, வீல் திரும்பத் திரும்பக் காலை மெல்ல எடுங்கள்.

கடைசிப் பத்தில் ஒரே மாதிரி ஓட்டுங்கள். பத்து லேப்பும் ஒரு நொடி வித்தியாசத்துக்குள் வந்தால் நீங்கள் தயார். வேகமான ஒரு லேப்பும் சுழன்ற ஒன்பது லேப்பும் வந்தால் இன்னும் இல்லை. இந்த நிலைத்தன்மை வந்த பிறகுதான் பேட்ச் வந்ததும் கார் மாறிவிட்டதா இல்லையா என்று உங்களால் சொல்ல முடியும், பீட்டாவில் உங்கள் மதிப்பே அதுதான்.

இந்த முப்பது லேப்பிலும் காரின் செட்டப்பை (டயர் காற்று, சஸ்பென்ஷன் போன்ற அமைப்புகள்) தொடாதீர்கள். முதல் இரண்டு வளைவில் கார் வழுக்கினால் டயர் இன்னும் சூடாகவில்லை என்று பொருள். ஸ்லிக் (பள்ளக்கோடு இல்லாத ரேஸ்) டயர் பெரும்பாலும் 80 டிகிரிக்கு மேல்தான் நன்றாகப் பிடிக்கும்.

8. ஆன்லைன்

பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம், எவ்வளவு என்று பாருங்கள். வேலூரிலிருந்து மும்பை, சிங்கப்பூர் சர்வர்கள் ஓட்டக்கூடிய அளவில் வரும், ஐரோப்பிய சர்வர் பெரும்பாலும் 150 மில்லிசெகண்டைத் தாண்டும். 100 மில்லிசெகண்ட் தாமதத்தில் 200 கிலோமீட்டர் வேகக் கார் ஐந்தரை மீட்டர் நகர்ந்துவிடும், அதாவது ஒரு முழுக் கார் நீளத்துக்கும் மேல். கேம் அதை ஊகித்துச் சரிசெய்து காட்டும், ஆனால் ஒட்டி ஓட்டினால் ஊகம் தவறும். தூர சர்வரில் இரண்டு கார் இடைவெளி விடுங்கள். வைஃபையை விட்டு கேபிளில் இணையுங்கள், பிங் அளவைவிட அது குதிக்காமல் இருப்பதுதான் முக்கியம்.

முதல் ரேஸில் கடைசி இடத்திலிருந்து கிளம்புங்கள். முதல் வளைவில் முன்னால் உள்ளவர்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே பிரேக் போடுவார்கள், நீங்கள் அவர்களுக்கும் முன்னால் போட வேண்டும். தனியாக ஓட்டிய அடையாளம் அங்கே செல்லாது. சுழன்றுவிட்டால் பிரேக்கை அழுத்திக்கொண்டு அப்படியே நில்லுங்கள், மற்றவர்கள் உங்களைச் சுற்றிப் போவார்கள். பதறிப்போய் ட்ராக்கின் குறுக்கே திரும்புபவர்தான் மூன்று பேரை இடித்துத் தள்ளுவார்.

9. பிழை அறிக்கை

இலவசமாகக் கொடுத்ததற்கு நாம் திருப்பிக் கொடுப்பது இதுதான், ஆகவே ஒழுங்காகச் செய்வோம். "கார் சரியில்லை" என்று எழுதினால் அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது.

பிழை நடந்த உடனே, கேமை மூடும் முன்பே, நோட்டில் நேரத்தைக் குறியுங்கள். பிறகு கேமின் பதிப்பு எண், கார், ட்ராக், தனியாகவா ஆன்லைனா, என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, எத்தனை முறையில் எத்தனை முறை. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல ஐந்து முறையாவது அதையே திரும்பச் செய்து பார்க்க வேண்டும். "பிட்டில் (ரேஸின் நடுவே டயர் மாற்ற நிற்கும் இடம்) டயர் மாற்றி வெளியே வந்தால் பழைய டயரின் தேய்மானமே காட்டுகிறது, 5-க்கு 4 முறை, டயரோடு பெட்ரோலும் நிரப்பினால் மட்டும்" என்று எழுதினால் அதைப் படிப்பவருக்குப் பாதி வேலை முடிந்தது.

லாக் கோப்பையும் (கேம் தன் ஓட்டத்தைக் குறித்து வைக்கும் கோப்பு), விண்டோஸில் இருக்கும் டிஎக்ஸ்டயாக் கருவி கொடுக்கும் கம்ப்யூட்டர் விவரத்தையும் இணையுங்கள். லாக் கோப்பு அடுத்த முறை கேமைத் திறந்ததும் அழிந்து புதிதாக எழுதப்படலாம், அதனால் உடனே வேறு கோப்புறையில் நகல் எடுங்கள். அந்தக் கோப்பில் உங்கள் விண்டோஸ் பயனர் பெயர் இருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள், பொதுவில் போடாமல் அவர்கள் கேட்கும் இடத்தில் மட்டும் கொடுங்கள்.

அறிக்கை ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். அதனாலேயே தயங்கி அனுப்பாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் கண்டுபிடித்தவை நல்ல பிழைகள். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள், ஒரு அறிக்கையில் ஒரே ஒரு பிழை, கூடவே இருபது நொடி வீடியோ. இலக்கணத்தை யாரும் பார்க்கப் போவதில்லை.

10. காசு

இலவச சிமுலேட்டர் எப்படிச் சம்பாதிக்கிறது என்று தெரிந்துகொள்ள ரேஸ்ரூம் என்ற சிமுலேட்டரைப் பாருங்கள். 2013-லிருந்து ஸ்டீமில் இலவசமாக இறங்குகிறது, கொஞ்சம் கார்களும் ட்ராக்கும் சும்மா கிடைக்கும், மற்றவற்றைத் தனித்தனியாகவோ மொத்தமாகவோ வாங்க வேண்டும். பீட்டாவில் இருக்கும் புதியவையும் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகும்.

பீட்டா முடியும்வரை எதுவும் வாங்காதீர்கள் என்பது என் கருத்து. விலை மாறலாம், காரின் நடத்தை மாறலாம், கணக்கு துடைக்கப்படலாம். வாங்கியே ஆக வேண்டும் என்றால் 2-ஆம் படியில் படித்த மூன்றாவது விஷயத்தைத் திரும்பப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகளும் அதே கணக்கில் ஓட்டுவதாக இருந்தால் கார்டு விவரத்தைச் சேமித்து வைக்க வேண்டாம்.

புதிய பேட்ச் வந்த அன்று 5-ஆம் படியில் வைத்த எண்கள் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள், பீட்டாவில் அவை தானாகவே மாறிவிடுவது உண்டு. அப்புறம் அதே கார், அதே சின்ன ட்ராக்கில் பத்து லேப் ஓட்டி நோட்டில் இருக்கும் பழைய நேரத்தோடு ஒப்பிடுங்கள்.